கத்தி சிக்கினால், பல் விழுந்தால், பிடி ஆடினால்: முகாமில் விறகு பிளப்பவர்களுக்கு

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் கூடாரம் போட இடம் தருகிறார்கள். விறகையும் பெரும்பாலும் அவர்களே கட்டாகக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கட்டைப் பிரித்தால் மணிக்கட்டுப் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரை எல்லாமே உருட்டுக் கட்டைகளாக இருக்கும். ராத்திரிப் பனியில் பட்டை ஊறிப்போயிருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் கருகும், பற்றாது. உள்ளே காய்ந்த மரம் இருக்கிறது, அதை வெளியே கொண்டுவர வேண்டும். கோடரியைச் சுமந்துகொண்டு மலைக்கு வருகிறவர்கள் குறைவு. அதனால் கத்தியைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளக்கிறோம்.

இந்த வேலையில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து பிறக்கின்றன. கத்தி மரத்தை வெட்டுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கத்தியின் வாய்க்கு, அதாவது கூர் ஓரத்துக்கு, வேலை முதல் அரை அங்குலம்தான். அதற்குப் பிறகு கத்தி ஓர் ஆப்பு. அதன் தடிமன் மரத்தை இரண்டு பக்கமும் விலக்குகிறது, மரம் தன் நார் ஓடுகிற வழியில் தானாகப் பிளக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற பாதிக் கோளாறுகள் வராமலே போகும்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும் விறகு எடுப்பதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். கீழே விழுந்து கிடக்கிற சுள்ளிக்கும் அது பொருந்தும். இங்கே எழுதுவதெல்லாம் அனுமதி உள்ள தனியார் இடத்துக்கும், காசு கொடுத்து வாங்கிய விறகுக்கும்தான்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

கோளாறு எது என்று தெரிய, கோளாறு இல்லாதது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தரையில் ஒரு தடித்த அடிக்கட்டை. அதன்மேல் பிளக்க வேண்டிய கட்டை, ஒரு முழத்துக்கும் குறைவான நீளத்தில், நிமிர்ந்து நிற்கிறது. நீங்கள் மண்டியிட்டிருக்கிறீர்கள், கட்டை உங்கள் முழங்கால்களுக்கு அப்பால் இருக்கிறது. கத்தியின் வாய் கட்டைத் தலையின் நடுவில், மரம் காய்ந்ததில் ஏற்கெனவே விழுந்த வெடிப்பின் மேலேயே பதிந்திருக்கிறது. நுனி மறுபக்கம் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டாப்புளி மாதிரி ஒரு கட்டையால் முதல் தட்டு, முதுகின் நடுவில், லேசாக. வாய் கவ்விக்கொள்ளும். அடுத்த தட்டுகள் நீட்டியிருக்கும் நுனிப் பக்கத்தில். மூன்றாவது அல்லது நான்காவது தட்டில் சத்தம் மாறும். "டொக், டொக்" என்று கெட்டியாகக் கேட்டது "சர்ர்" என்று கிழிகிற சத்தமாகும். அதற்குமேல் தட்டத் தேவையே இருக்காது, கையால் விலக்கினாலே பிரிந்துவிடும். பலம் போட்டு அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ தவறு என்று அர்த்தம்.

கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது

அடிக்கடி வருகிற கோளாறு இதுதான், கத்திகள் ஒடிவதும் இந்த இடத்தில்தான். கத்தி மரத்துக்குள் முழுதாக இறங்கிவிட்டது, நுனி வெளியே தெரியவில்லை, தட்டுவதற்கு முதுகு அகப்படவில்லை. உடனே கை என்ன செய்யும்? பிடியைப் பிடித்து இடதும் வலதுமாக ஆட்டும். செய்யாதீர்கள். கத்தி மேலிருந்து கீழே வரும் அடியைத் தாங்கும். பக்கவாட்டு நெம்புதலை, அதுவும் நுனி இறுகியிருக்கும்போது, தாங்காது.

எடுக்கும் முறை இது. நுனி கொஞ்சமாவது வெளியே தெரிந்தால், பிடியைக் கட்டைத் தலைக்கு இணையாக மட்டமாக வைத்துக்கொண்டு நுனியில் தட்டுங்கள். தெரியவில்லை என்றால் கட்டையின் தலையைப் பாருங்கள், கத்தி போன வழியில் விரிசல் இருக்கும். அதில் ஒரு மர ஆப்பைச் செருகித் தட்டுங்கள். விரிசல் ஒரு மில்லிமீட்டர் அகன்றாலே கத்தி தளர்ந்துவிடும். ஆப்பு இல்லையென்றால், பிடியின் அடிப்பக்கத்தில், கத்தியை ஒட்டிய இடத்தில், கீழிருந்து மேலாக லேசாகத் தட்டித் தட்டி ஏற்றுங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். கத்தி சிக்கியபின் ஆப்பு செதுக்க இன்னொரு கத்தி வேண்டும் என்பதால், நான் வேலை தொடங்கும்போதே விரல் நீளத்தில் இரண்டு ஆப்பு சீவி வைத்துவிடுகிறேன்.

சிக்குவதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கட்டை கத்தியைவிட அகலம். கத்தி வாயின் நீளத்திலிருந்து 5 சென்டிமீட்டரைக் கழியுங்கள், அதுதான் நீங்கள் பிளக்கக்கூடிய கட்டையின் குறுக்களவு. 15 செ.மீ. கத்திக்கு 10 செ.மீ. கட்டை. அதற்கு மேல் பருமனான கட்டையை நடுவில் பிளக்க முயல வேண்டாம். ஓரத்திலிருந்து பலகை பலகையாக எடுங்கள். நாலு பக்கமும் எடுத்தபின் நடுத்துண்டு உங்கள் கத்தியின் அளவுக்கு வந்துவிடும்.

இரண்டாவது காரணம் கத்தி மெலிசாக இருப்பது. சமையலறைக் கத்தி முதுகில் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். சுலபமாக உள்ளே போகும், மரத்தை விலக்காது, மரம் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். 4 முதல் 5 மி.மீ. முதுகு இருந்தால் அது ஆப்பாக வேலை செய்யும்.

தட்டினால் துள்ளுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது

காதைக் கொடுங்கள். சத்தம் மந்தமாக, கல்லில் அடித்த மாதிரி வந்தால் கீழே கணு இருக்கிறது. கிளை முளைத்த இடத்தில் நார் வளைந்து சுற்றிப் போகும், அங்கே ஆப்புக்கு வழி கிடையாது. கட்டையைத் திருப்பி மறுமுனையிலிருந்து பாருங்கள். அல்லது கணுவைத் தவிர்த்து ஓரமாக எடுங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்தக் கட்டையைப் பிளக்காமல் ஒதுக்கி வையுங்கள். தீ நன்றாக எரியத் தொடங்கியபின் முழுசாகப் போட்டால் அதுதான் விடியும்வரை தணலாக நிற்கும்.

கணு இல்லாமலும் இறங்காவிட்டால் அது மரத்தின் குணம். நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்கிற யூகலிப்டஸ், பச்சையாக இருக்கும்போது பிளந்துவிடும். அதன் நார் ஒன்றோடொன்று பின்னியது, காய்ந்தபின் இரும்பாகிவிடும். விறகுக் கட்டில் சில்வர் ஓக் இருந்தால் அதை முதலில் எடுங்கள், நார் நேராக ஓடும். சமவெளியில் கிடைக்கும் சவுக்கும் அப்படித்தான், கெட்டி மரம்தான், ஆனாலும் நேராகப் பிளக்கும். சீமைக்கருவேலம் கோணலும் கணுவுமாக வரும். அதைக் கத்தியால் தொடாமல் சுள்ளிகளை மட்டும் ஒடித்துக்கொள்வது நல்லது.

வாயில் பல் விழுந்துவிட்டது அல்லது மடங்கிவிட்டது

இரண்டும் வேறு வேறு, வைத்தியமும் வேறு. இருட்டில் தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு கத்தியின் வாயைக் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, கருப்புக் கோடாகத் தெரியும். பழுதான இடத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். அந்த இடத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கி விரல் நகத்தை மெதுவாக இழுங்கள், இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் நகம் தட்டினால் வாய் அந்தப் பக்கமாக மடங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் பள்ளம் தெரிந்தால் துண்டு உடைந்து போயிருக்கிறது.

மடங்கியதை முகாமிலேயே சரிசெய்யலாம். டீ குடிக்கிற பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதுவே சாணைக்கல். இரு பக்கமும் மாற்றி மாற்றி, அழுத்தாமல், பத்துப் பதினைந்து தடவை தேய்த்துவிட்டு, தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் வாயைப் பின்னோக்கி இழுங்கள்.

உடைந்த பல்லை முகாமில் சரிசெய்ய முயல வேண்டாம். வீட்டுக்கு வந்து கல்லில் தீட்டுங்கள். சிறிய பல் என்றால் அடுத்தடுத்த தீட்டல்களில் தானாக மறைந்துவிடும், ஒரே நாளில் முழுதும் கரைக்க வேண்டிய அவசியமில்லை. கோணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். விறகுக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 டிகிரி சரி. அதைவிட மெலிசாகத் தீட்டினால் தக்காளி அருமையாக நறுக்கும், விறகில் பல் விழும். கோணம் எப்படித் தெரியும்? ஒரு காகிதத்தின் மூலையை ஒருமுறை மடித்தால் 45, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்து, கத்தியை அதன் சாய்வுக்குச் சரியாக வைத்துப் பழகுங்கள். நாலு நாளில் கை கற்றுக்கொள்ளும்.

பல் ஏன் விழுந்தது என்று பார்த்தால், பத்துக்கு எட்டு தடவை மரம் காரணமாக இருக்காது. அடிக்கட்டை வைக்காமல் நேரே தரையில் வைத்துப் பிளந்திருப்போம். கட்டை பிரிந்த வேகத்தில் கத்தி மண்ணிலிருக்கும் கல்லில் போய் இறங்கியிருக்கும். அடியில் ஒரு கட்டை போடுங்கள், போதும். மீதி இரண்டு தடவை இரும்பின் கடினம் காரணம். விலை உயர்ந்த கத்திகளில் ராக்வெல் அளவில் 60-க்கு மேல் கடினம் ஏற்றியிருப்பார்கள். கூர் நெடுநாள் நிற்கும், அடி விழுந்தால் உடையும். விறகுக்கு 56, 58 போதும்.

பிடி ஆடுகிறது, அல்லது கத்தி பிடியோடு ஒடிந்துவிட்டது

எனக்கு இது நடந்திருக்கிறது. பார்க்கக் கம்பீரமான கத்தி, முதுகு 5 மி.மீ., ரப்பர் பிடி. இரண்டாவது முகாமில், பெரிய அடி எதுவும் இல்லாமலே, பிடி ஒரு கையிலும் கத்தி கட்டையிலுமாக நின்றது. ஒடிந்த இடத்தைப் பார்த்தால் பிடிக்குள்ளே போன இரும்பு ஒரு பென்சில் பருமனுக்கு மெலிந்த வால். வெளியே தெரிகிற கனமெல்லாம் பிடியின் வாயிலோடு முடிந்துவிட்டிருக்கிறது. என் நண்பனின் முகம் அந்த நேரத்தில் கத்திக்கு ஓரடி தூரத்தில் இருந்தது. அன்றிலிருந்து பிடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தக் கத்தியையும் விறகுக்குத் தொடுவதில்லை.

பிடி லேசாக ஆடத் தொடங்கினால் அன்றைய வேலையை அத்தோடு நிறுத்துங்கள். திருகாணி போட்ட பிடியானால் முறுக்கிவிட்டுப் பார்க்கலாம். ஆணி அறைந்த பிடி என்றால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். துணி சுற்றிக் கட்டிக்கொண்டு தொடர்வது வேண்டவே வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கத்தியைக் கவிழ்த்துப் பாருங்கள். பிடியின் இரண்டு ஓடுகளுக்கு நடுவே இரும்பு கடைசிவரை தெரிய வேண்டும். விற்பனைக் குறிப்பில் ஃபுல் டேங் என்று போட்டிருப்பார்கள். எல்லா ஃபுல் டேங் கத்தியிலும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. ஸ்வீடனின் மோரா நிறுவனம் செய்யும் கர்பர்க் கத்தியில் இரும்பு பிடியின் நடுவில் ஓடி, அடியில் மட்டும் தலைகாட்டும். அதன் முதுகு 3.2 மி.மீ., வாய் 109 மி.மீ., ஆக ஐந்தாறு செ.மீ. கட்டைகளுக்கு நம்பி எடுக்கலாம். அதே மோராவின் கம்பேனியன் 2.5 மி.மீ., வால் பிடிக்குள் பாதியிலேயே நின்றுவிடும். சீவுவதற்கும் சமையலுக்கும் அருமையான கத்தி. அதன் முதுகில் தட்டத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. மடக்குக் கத்தி எந்த விலையில் இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு தட்டும் மடிப்பில் இருக்கிற சின்ன ஊசியின்மேல்தான் போய் விழும்.

நம் ஊர்ப் பட்டறையில் செய்து வாங்குவதையும் யோசியுங்கள். லாரியின் பட்டையில், அதாவது வில்லாக வளைந்திருக்கும் அந்த எஃகில், அடித்த கத்தி அதிர்ச்சியைத் தாங்கவே பிறந்தது. கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும், உடையாது. ஆனால் திருப்பாச்சேத்தி அரிவாள் மாதிரி வளைந்த வாய் வேண்டாம். அது வீசி வெட்டுவதற்கு, கட்டைத் தலையில் மட்டமாகப் பதியாது. நேர்வாயாக, 15 செ.மீ. நீளத்தில், முதுகு 5 மி.மீ., பிடி முழுக்க இரும்பு ஓட வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள். நீளத்தைக் கூட்ட வேண்டாம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கானவை தவிர, ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன.

முதுகு நசுங்கி, ஓரம் பிசிறு பிசிறாக நிற்கிறது

கல்லாலோ சுத்தியலாலோ தட்டியிருக்கிறீர்கள். இரும்பின்மேல் இரும்பு அடித்தால் தெறிக்கிற சில்லு கண்ணில் படலாம். பிசிறை அரத்தால் சீவிவிட்டு, இனி மரத்தால் மட்டும் தட்டுங்கள். முன்கை நீளம், மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன், பச்சையாக இருந்தால் இன்னும் நல்லது.

பிளவு நேராக இறங்காமல் ஓரமாக ஓடிவிடுகிறது

பிளவு எப்போதும் மெலிந்த பக்கத்தை நோக்கிச் சாயும். சரிபாதியில் தொடங்கினால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், நேராக இறங்கும். பாதி, அந்தப் பாதியில் பாதி என்று போனால் விரல் பருமன் வரை ஒழுங்காக வரும். நடுவழியில் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கினால், கத்தியை வைத்துவிட்டு, தடித்த பக்கத்தைக் கையால் வெளிப்புறமாக வளையுங்கள், பிளவு அந்தப் பக்கம் திரும்பும். மூங்கில் பிளக்கிறவர்கள் கையைக் கவனித்தால் இது உடனே புரியும். பெரிய கட்டையில் ஓரத்துப் பலகை எடுக்கும்போது மட்டும் பிளவு ஓடினால் ஓடட்டும், வெளியே வருகிற துண்டு எப்படியும் விறகுதானே.

கட்டை நிற்காமல் சாய்கிறது

வெட்டுமுகம் கோணல். கையால் பிடித்துக்கொண்டு தட்டலாம் என்று தோன்றும், அந்தக் கை கத்திக்கு நேர் கீழே இருக்கும். அடிக்கட்டையில் ஒரு பள்ளம் செதுக்கி அதில் நிறுத்துங்கள். அல்லது கட்டையைப் படுக்க வைத்து, தலையை இன்னொரு கட்டையின்மேல் சாய்த்துக்கொண்டு பிளங்கள். தொடையில் வைத்து மட்டும் எதையும் செய்யாதீர்கள். தொடையின் உள்பக்கத்தில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது.

தீட்டிய கூர் அரை நாள்கூட நிற்பதில்லை

கத்தி சூடு பட்டிருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கத்தியாலேயே தணலைக் கிளறியிருந்தாலும், மின்சாரச் சாணையில் தண்ணீர் தொடாமல் தீட்டியிருந்தாலும் இரும்பின் கடினம் போய்விடும். வாயோரம் நீலம் பாரித்திருந்தால் அதுதான் அடையாளம். அந்த நீலம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிய தடம். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மென்மையாகத்தான் இருக்கும். நீலம் போகிற ஆழத்துக்குக் கல்லில் கரைக்க வேண்டும், அல்லது ஆசாரியிடம் கொடுத்து மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும்.

பிளந்தாயிற்று, தீ பிடிக்கவில்லை

துண்டுகள் இன்னும் தடிமனாக இருக்கின்றன. தீக்குச்சிப் பருமன், பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன் என மூன்று குவியல் வேண்டும். ஒவ்வொன்றிலும் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. பட்டை ஒட்டியிருக்கும் துண்டுகளை ஒதுக்கிவிட்டு நடுமரத்தை மட்டும் எடுங்கள், தொட்டுப் பார்த்தாலே ஈரம் இல்லாதது தெரியும்.

அதுவும் ஈரமாக இருந்தால் பூச்சீவல் செய்யுங்கள். விரல் பருமனான சிராய் ஒன்றை அடிக்கட்டையில் ஊன்றி, அதன் விளிம்பில் கத்தியை மேலிருந்து கீழாக, கை முழுவதும் நேராக நீள ஓட்டுங்கள். அறுத்துவிடாமல் அடியில் நிறுத்த வேண்டும். சீவல் சுருண்டு அங்கேயே நிற்கும். இன்னொன்று, இன்னொன்று. இருபது முப்பது சுருள் சேர்ந்தால் குச்சி தாழம்பூ மடல் விரிந்த மாதிரி இருக்கும், ஒரே தீக்குச்சியில் பற்றும். சுருள் ஒடிந்து ஒடிந்து விழுந்தால் கூர் போதவில்லை. இந்த வேலைக்காகத்தான் பிடியை ஒட்டிய வாய்ப்பகுதியைக் கட்டை பிளக்கப் பயன்படுத்தாமல் காப்பாற்றி வைப்பேன்.

கை வெட்டுப்பட்டுவிட்டது

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். பத்து நிமிஷம் எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும், இடையில் எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் பிரிந்துவிடும். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போடாதீர்கள், தையல் போடுகிறவர்கள் முதலில் அதைக் கழுவியாக வேண்டும். ரத்தம் நிற்கவில்லை, அல்லது விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் 108-க்குக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவே, ஒரு கை நீளத்துக்குள் இன்னொருவர் இருந்தால் நான் கத்தியை உறையிலிருந்தே எடுப்பதில்லை.

மறுமுறை எடுத்தால் துரு

கார்பன் எஃகுக் கத்தி ஒரே ராத்திரியில் செம்புள்ளி காட்டும், மலையில் சொல்லவே வேண்டாம். புள்ளியை மண்ணெண்ணெய் தொட்ட நார்த்துணியால் தேய்த்தால் போய்விடும். மரத்தின் சாற்றைத் துடைத்து, வெயிலில் ஐந்து நிமிஷம் காயவிட்டு, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். தோலுறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நான் வீட்டுக்கு வந்ததும் உறையைத் தனியாக ஆணியில் மாட்டிவிட்டு, கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன்.